மேகம் வந்து இறங்கும் விமான நிலையம்

டெனெரீஃப் என்றால் நம்மில் பலருக்குக் கடற்கரை, வெயில், காலையிலிருந்து இரவு வரை சாப்பாடு சேர்த்த ஹோட்டல். அக்டோபர் லீவு வந்தாலே வாட்ஸப் குரூப்பில் யாராவது ஒருத்தர் அங்கிருந்து போட்டோ போடுவார்கள். அந்தப் போட்டோ எல்லாம் தீவின் தெற்குப் பக்கம் எடுத்தவை. வடக்குப் பக்கம் வேற ஊர் மாதிரி இருக்கும். பச்சையா, ஈரமா, மதியம் ரெண்டு மணிக்கே ஸ்வெட்டர் தேடுற மாதிரி.

காரணம் காற்று. வடகிழக்கிலிருந்து வருஷம் முழுக்க வீசும் வாணிபக் காற்று கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து தீவின் மலைகளில் மோதுகிறது. மோதி மேலே ஏறும்போது குளிர்ந்து மேகமாகிறது. தீவின் நடுவில் டெய்டே எரிமலை 3,715 மீட்டர் உயரம். அங்கே ஏறி நின்று பார்த்தால் கீழே பஞ்சு விரித்த மாதிரி மேகக் கடல். அழகாத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பஞ்சுக்கு உள்ளே நிற்பவனுக்கு அது மூடுபனி. கொடைக்கானலில் கோக்கர்ஸ் வாக்கில் நின்றவர்களுக்கு இது தெரியும்: பள்ளத்தாக்கு முழுசா தெரிஞ்சுக்கிட்டே இருக்கும், ஒரு நிமிஷத்தில் பக்கத்தில் நிற்கிற ஆள் முகம் காணாமல் போகும், திரும்ப ரெண்டு நிமிஷத்தில் வெயில் அடிக்கும்.

இப்படி மேகம் புகுந்து போகிற ஒரு மலை இடுக்கில், 600 மீட்டருக்கு மேல், ஒரு விமான நிலையம் இருக்கிறது. இன்று அதன் பெயர் டெனெரீஃப் வடக்கு. பழைய பெயர் லோஸ் ரோடேயோஸ். 1977 மார்ச் 27, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இந்த ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். விமான விபத்துகளின் வரலாற்றில் இன்றுவரை இதுதான் பெரியது. இது நடுவானத்தில் நடந்ததல்ல, ஓடுபாதையில் நடந்தது.

நாங்கள் இருப்பது ஆம்ஸ்டல்வேன். கேஎல்எம் விமான நிறுவனத்தின் தலைமை அலுவலகம் இருக்கும் ஊர். நான் மாஸ்டர்ஸ் படிக்க டெல்ஃப்டுக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவன். என் மனைவி நெதர்லாந்திலேயே பிறந்து வளர்ந்தவள். டெனெரீஃப் போகிறோம் என்று பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொன்னபோது, எழுபது தாண்டிய அவர் வெயிலைப் பற்றிப் பேசவில்லை. "வடக்கே இறங்குறீங்களா, தெற்கேயா?" என்றுதான் கேட்டார். அவர் வயதுக்காரர்களுக்கு அந்த ஊர்ப் பெயர் ஹோட்டல் பெயர் இல்லை. போபால் என்றால் நம் பெற்றோருக்கு எப்படியோ, அப்படி.

தெற்கேதான் இறங்கினோம். நாலாவது நாள் கடற்கரை அலுத்துப்போய் வடக்கே போனோம். முதலில் லா லகூனா. யுனெஸ்கோ 1999-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த பழைய நகரம். மஞ்சளும் சிவப்புமாக வீடுகள், மர பால்கனிகள். பசங்களுக்கு அங்கே பிடித்தது கட்டடங்கள் இல்லை, உப்புத்தண்ணீரில் தோலோடு சுருங்க வேகவைத்த குட்டி உருளைக்கிழங்கும் அதுக்குத் தொட்டுக்கொள்ளும் மோஹோ சட்னியும். சிவப்பு மோஹோ நம்ம பூண்டு மிளகாய்ச் சட்னிக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி. இதை எழுதாமல் போனால் என் மகள் கோபித்துக்கொள்வாள்.

சாப்பிட்டுவிட்டு மேசா மோட்டா போனோம். ஊரை ஒட்டிய தட்டையான குன்று. அங்கே 2007-இல், விபத்தின் முப்பதாவது நினைவு நாளில், ஒரு நினைவுச் சின்னம் திறந்தார்கள். ரூடி ஃபான் ட வின்ட் என்ற டச்சுச் சிற்பி வடிவமைத்தது. திறக்கும்போது அவர் உயிரோடு இல்லை. பதினெட்டு மீட்டர் உயரத்தில் சுருள் படிக்கட்டு. சுற்றிச் சுற்றி மேலே போகிறது, அப்படியே நின்றுவிடுகிறது. மேல் தளம் எதுவும் கிடையாது. என் ஐந்து வயது மகன் கழுத்தை வளைத்துப் பார்த்துவிட்டு, "அப்பா, இந்தப் படி எங்கப்பா போகுது?" என்றான். எட்டு வயதுக்காரி முந்திக்கொண்டாள்: "எங்கயும் போகலடா. கட்டி முடிக்கல." நான் திருத்தவில்லை.

குன்றிலிருந்து பார்த்தால் கீழே லா லகூனாவும் விமான நிலையமும் தெரிகின்றன. நேராக ஒரே ஒரு ஓடுபாதை. அன்று நடந்ததற்கு அந்த "ஒரே ஒரு" என்பதும் ஒரு காரணம்.

அந்த இரண்டு விமானங்களும் டெனெரீஃபுக்கு வரவேண்டியவையே இல்லை. பக்கத்துத் தீவான கிரான் கனாரியாவுக்குப் போய்க்கொண்டிருந்தவை. ஆம்ஸ்டர்டாமிலிருந்து கேஎல்எம், லாஸ் ஏஞ்சலஸிலிருந்து நியூயார்க் வழியாக, கப்பல் சுற்றுலாவுக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு பான் ஆம். மதியம் ஒன்றே காலுக்கு கிரான் கனாரியா விமான நிலையத்தின் பூக்கடையில், கனாரித் தீவுகளுக்குச் சுதந்திரம் கேட்ட இயக்கம் வைத்த குண்டு வெடித்தது. இன்னொரு குண்டு இருக்கலாம் என்ற மிரட்டலால் நிலையத்தை மூடினார்கள். வந்த விமானங்களை எல்லாம் லோஸ் ரோடேயோஸுக்குத் திருப்பினார்கள். அது சின்ன நிலையம். கோபுரத்தில் ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்டில் இரண்டே பேர். ஓடுபாதைக்கு இணையாக ஓடும் டாக்ஸிவே முழுக்க விமானங்களை நிறுத்திவிட்டார்கள். அதனால் கிளம்புகிற விமானம் ஓடுபாதையிலேயே ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஊர்ந்துபோய், அங்கே யூ-டர்ன் அடித்து, வந்த வழியிலேயே ஓடிப் பறக்கவேண்டும்.

சில மணி நேரத்தில் கிரான் கனாரியா திறந்துவிட்டது. பான் ஆம் ரெடி. ஆனால் முன்னால் கேஎல்எம் எரிபொருள் நிரப்பிக்கொண்டு வழியை அடைத்து நிற்கிறது. பான் ஆம்காரர்கள் இறங்கிப்போய், ஓரமாகப் புகுந்து போக முடியுமா என்று காலடியால் அளந்தே பார்த்தார்கள். சில மீட்டர்தான் குறைந்தது. கேஎல்எம் நிரப்பியது 55,500 லிட்டர். திரும்பிப் போகிற பயணத்துக்கும் சேர்த்து இங்கேயே நிரப்பினால் அங்கே நேரம் மிச்சம் என்ற கணக்கு. அந்தக் கணக்குக்குப் பின்னால் ஒரு சட்டம் இருந்தது: விமானிகளின் வேலை நேர வரம்பை நெதர்லாந்து அப்போதுதான் கடுமையாக்கியிருந்தது. நேரம் தாண்டினால் பறக்க முடியாது. பயணிகளோடு இரவு தங்கவேண்டியதுதான். களைப்பான விமானி பறக்கக்கூடாது என்று பாதுகாப்புக்காகப் போட்ட விதி அன்றைக்குக் கடிகாரத்தைப் பார்க்கவைக்கிற விதியாக மாறிப்போனது. எங்கள் தொழிலில் ரிலீஸ் தேதி என்று ஒன்று இருக்கிறதே, அதைப் பார்த்தவர்களுக்கு இது புதுசு இல்லை.

அதற்குள் மேகம் இறங்கிவிட்டது.

கேஎல்எம் முதலில் ஓடுபாதை முழுக்கப் போய் மறு முனையில் திரும்பி நின்றது. பான் ஆம் பின்னால் ஊர்ந்து வந்தது; மூன்றாவது கிளைவழியில் வெளியேறச் சொல்லியிருந்தார்கள். அந்தக் கிளை, வந்த திசைக்கே கிட்டத்தட்டத் திரும்பிப் போவது போல வளைந்தது. ஜம்போவை அப்படி வளைப்பது பெரும்பாடு. பனியில் அதைத் தாண்டி நாலாவது கிளையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். கோபுரத்துக்கு விமானங்கள் தெரியவில்லை, விமானங்களுக்குக் கோபுரம் தெரியவில்லை, ஒரு விமானத்துக்கு இன்னொன்று தெரியவில்லை. தரையில் நகர்வதைக் காட்டும் ராடார் அங்கே இல்லை. மூன்று பேரையும் இணைத்தது ஒரே ஒரு ரேடியோ அலைவரிசை.

கேஎல்எம் கேப்டன் ஃபெல்ட்ஹௌசன் ஃபான் சான்டன். நிறுவனத்தின் ஜம்போ விமானிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் தலைவர். விளம்பரங்களில் வந்த முகம். யூ-டர்ன் அடித்ததும் த்ராட்டிலைத் தள்ளினார். இன்னும் அனுமதி வரவில்லை என்று துணை விமானி சொல்ல, தெரியும், கேள் என்றார். துணை விமானி கேட்டார். கோபுரம் கொடுத்தது, பறந்தபிறகு எந்த வழியாகப் போகவேண்டும் என்ற அனுமதி. பறக்கலாம் என்ற அனுமதி வேறு, அது வரவில்லை. ஆனால் கொடுத்த வாசகத்துக்குள் "டேக்-ஆஃப்" என்ற சொல் இருந்தது. துணை விமானி அதைத் திருப்பிப் படித்துக்கொண்டிருக்கும்போதே கேப்டன் பிரேக்கை விட்டுவிட்டார். துணை விமானி அவசரமாக முடித்தார்: "வீ ஆர் நௌ அட் டேக்-ஆஃப்."

இந்த வாக்கியத்தைப் பற்றித்தான் நம் வீடுகளில் பேச நிறைய இருக்கிறது. கோபுரத்தில் இருந்த ஸ்பானியருக்கு இதன் பொருள்: டேக்-ஆஃப் இடத்தில் நிற்கிறோம். ஆனால் டச்சில் "ஆன் ஹெட்" என்று ஒரு அமைப்பு உண்டு. அந்த "ஆன்" ஏறக்குறைய ஆங்கில "அட்". "ஆன் ஹெட் கோக்கன்" என்றால் சமைத்துக்கொண்டு இருக்கிறேன். டச்சில் யோசித்து ஆங்கிலத்தில் பேசியவர் "அட் டேக்-ஆஃப்" என்றால் அது "கிளம்பிக்கொண்டு இருக்கிறோம்" என்றுதான் அர்த்தம் என மொழி ஆராய்கிறவர்கள் சிலர் விளக்குகிறார்கள். நான் இதை மலையில் சொன்னபோது என் மனைவி யோசிக்கவே இல்லை. "ஆமா, டயர்டா இருந்தா நானே அப்படித்தான் சொல்லுவேன்," என்றாள்.

போன மாசம் என் மகள் வீடியோ காலில் பாட்டியிடம், "இன்னிக்கு நான் பஸ் எடுத்தேன்," என்றாள். டச்சில் பஸ்ஸை எடுக்கத்தான் செய்வார்கள். புடவை எடுத்தேன், நகை எடுத்தேன் என்று கேட்டே பழகிய பாட்டி, "எவ்வளவுக்குடி எடுத்த?" என்றார்கள். நாங்கள் சிரித்தோம். இரண்டு மொழியில் வளரும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் தினமும் இது நடக்கும், தினமும் சிரித்துவிட்டுப் போவோம். லோஸ் ரோடேயோஸில் தவறாகப் புரிந்ததைத் திருத்திக்கொள்ள மீதி இருந்தது சில விநாடிகள்.

அந்த விநாடிகளில் இன்னொன்று நடந்தது. கோபுரம் "ஓகே" என்றது. ஒரு சின்ன இடைவெளி விட்டு, பறக்கக் காத்திருங்கள், நான் கூப்பிடுகிறேன் என்றது. சரியாக அந்த இடைவெளிக்குப் பின் பான் ஆமும் பதறிப்போய், நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்றது. ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் கேட்பவருக்கு விசில் மாதிரி ஒரு கீச்சு ஒலிதான் வரும். கேஎல்எம் காக்பிட்டில் தெளிவாகக் கேட்டது "ஓகே" மட்டும். அதன்பின் மூன்று நான்கு விநாடி விசில். பேசிய இரண்டு பேருக்கும் தங்கள் பேச்சு போய்ச் சேரவில்லை என்பதே தெரியாது. நெட்வொர்க்கில் இரண்டு பாக்கெட் மோதினால் கம்ப்யூட்டர் கண்டுபிடித்துத் திரும்ப அனுப்பும். மனுஷன் அனுப்பமாட்டான், சொல்லியாச்சு என்று நினைத்துக்கொள்வான்.

விசில் அடங்கியபிறகு, ஓடுபாதையை விட்டு வெளியேறியதும் சொல்லுங்கள் என்று கோபுரம் பான் ஆமிடம் சொன்னதும், சொல்கிறோம் என்று அவர்கள் சொன்னதும் கேஎல்எம் காக்பிட்டில் கேட்கும்படிதான் இருந்தது. விமானம் அதற்குள் ஓடத் தொடங்கிவிட்டது. அங்கே இருந்த மூன்று பேரில் ஒருவருக்கு மட்டும் உறைத்தது, ஃப்ளைட் இன்ஜினியர் ஷ்ரூடருக்கு. அந்தப் பான் அமெரிக்கன் இன்னும் போகலையா என்று கேட்டார். கேப்டன் அழுத்தமாக, போயாச்சு என்றார். அவர் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. சுமார் பதிமூன்று விநாடி கழித்து மோதல்.

திமிர் பிடித்த கேப்டன் ஒருவர் 583 பேரைக் கொன்றார் என்று சொல்லும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. எனக்கு அது ஒப்பவில்லை. ஸ்பானிய விசாரணை, அனுமதியில்லாமல் கிளம்பியதே அடிப்படைக் காரணம் என்றது, அதில் மறுப்பில்லை. ஆனால் ஆண்டுக்கணக்காக சிமுலேட்டரில் பயிற்சி கொடுத்தவர் அவர். அந்த அறையில் அனுமதி கொடுப்பதும் பயிற்சியாளரேதான். பழக்கம் அப்படித்தான் கையை இழுக்கும். எனக்கு அவரைவிட அதிகம் உறுத்துவது ஷ்ரூடர் கேட்ட விதம். கேள்வியாகத்தான் கேட்டார். "நிறுத்துங்க" என்று சொல்லவில்லை. பெரியவர், அனுபவஸ்தர், எல்லாருக்கும் பாடம் எடுத்தவர். அவர் ஆமாம் என்று சொன்னபிறகு இன்னொரு தடவை கேட்க வாய் வருமா? பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசாதே என்று கேட்டு வளர்ந்த எனக்கு அந்த மௌனம் அந்நியமாகத் தெரியவில்லை. டச்சுக்காரர்கள் முகத்துக்கு நேரே பேசுகிறவர்கள் என்று பெயர் எடுத்தவர்கள். அவர்கள் காக்பிட்டிலேயே அன்றைக்கு அது நடந்தது.

கடைசி நேரத்தில் பனிக்குள் எதிரே விளக்கைப் பார்த்த பான் ஆம் கேப்டன் க்ரப்ஸ் விமானத்தை இடதுபக்கம் புல்வெளிக்குத் திருப்ப முயன்றார். ஃபான் சான்டன் மூக்கைத் தூக்கிப் பறந்து தாண்டப் பார்த்தார். வால் தரையில் உரசியது. 55,500 லிட்டர் கனம் இல்லாதிருந்தால் தாண்டியிருக்குமோ என்று கேட்காதவர்கள் இல்லை. கேஎல்எம்மில் இருந்த 248 பேரும் இறந்தார்கள். பான் ஆமில் 396 பேரில் 61 பேர் பிழைத்தார்கள், பெரும்பாலும் இடது இறக்கை மேல் ஏறி. தீயணைப்பு வண்டிகள் முதலில் ஒரு விமானம்தான் எரிகிறது என்று நினைத்தன. பனியில் இன்னொன்று இருப்பது பிறகுதான் தெரிந்தது. டெனெரீஃபிலேயே வசித்த டச்சுப் பயணி ஒருவர், வீடு இங்கே இருக்கும்போது கிரான் கனாரியா போய்த் திரும்பி வருவானேன் என்று விமானத்தில் மறுபடி ஏறவே இல்லை. அவரும் பிழைத்தார்.

இதன்பின் மாறியவற்றில் பெரியது சொற்கள்தான். இப்போது "டேக்-ஆஃப்" என்ற சொல்லை, பறக்க அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டும்தான் ரேடியோவில் சொல்வார்கள். மற்ற எல்லா இடத்திலும் "டிபார்ச்சர்". வெறும் "ஓகே", "ராஜர்" எல்லாம் போதாது. முக்கியமான உத்தரவைக் கேட்டபடியே திருப்பிச் சொல்லவேண்டும். இன்னொன்று, 1979-இல் நாசா கூட்டிய ஒரு பயிலரங்கிலிருந்து வளர்ந்த பயிற்சி: இளையவர் சந்தேகத்தை உரக்கச் சொல்லவும், மூத்தவர் அதைக் கேட்கவும் பழக்குவது. இன்று கிட்டத்தட்ட எல்லா விமான நிறுவனங்களிலும் உண்டு. எங்கள் வீட்டில் சைக்கிள் பாதையைத் தாண்டும்போது "ஓகே பா" என்று சொன்னால் இப்போதெல்லாம் நான் நகரமாட்டேன். என்ன சொன்னேன் என்று திருப்பிச் சொல்லணும். "ரெண்டு பக்கமும் பார்த்துட்டு, நீ கையைப் பிடிச்சப்புறம்." பதிலுக்கு மகள் என்னைத் திருப்பிச் சொல்லவைக்கிறாள். "நாளைக்கு பான்கேக். சொல்லுப்பா, நாளைக்கு என்ன?"

தீவுக்கும் ஒரு மாற்றம் வந்தது. தெற்கே, மேகத்துக்குக் கீழே, கடல் ஓரமாகக் கட்டிக்கொண்டிருந்த புதிய விமான நிலையம் 1978 நவம்பரில் திறந்தது. நாம் சுற்றுலாவுக்கு இறங்குவது அங்கேதான். வடக்கே இப்போது பெரும்பாலும் தீவுகளுக்கு இடையேயான குட்டி விமானங்களும் ஸ்பெயினின் உள்நாட்டு விமானங்களும்.

பனியும் ஓடுபாதையும் சேர்ந்த கதை அதோடு முடியவில்லை. 2001 அக்டோபர் 8, மிலான் லினாட்டே: மூடுபனியில் வழி மாறி ஓடுபாதைக்குள் வந்த சின்ன ஜெட் மேல் எஸ்ஏஎஸ் விமானம் மோதி 118 பேர் இறந்தார்கள். அங்கேயும் அன்று தரை ராடார் வேலையில் இல்லை. அவர்களுக்காகப் பக்கத்துப் பூங்காவில் 118 பீச் மரங்கள் நட்டிருக்கிறார்கள். 2023 பிப்ரவரியில், நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கும் டெக்சஸின் ஆஸ்டினில், பனிக்குள் இறங்கிய ஃபெட்எக்ஸ் விமானத்தின் விமானிகள் அதே ஓடுபாதையில் இன்னொரு விமானம் கிளம்புவதைக் கடைசி நேரத்தில் பார்த்து மேலே ஏறினார்கள். கீழே இருந்த விமானத்திடம் நிறுத்து என்று சொன்னதும் அவர்கள்தான், கோபுரம் இல்லை. தரை ராடார் அன்று ஆஸ்டினிலும் இல்லை.

மலையிலிருந்து இறங்கும்போது உண்மையாகவே மேகம் வந்தது. ஓடுபாதையின் ஒரு முனை போனது, பிறகு நடு, பிறகு எல்லாம். மகன் கேட்டான், "இப்ப பிளேன் எப்படிப்பா வரும்?" ராடார் பற்றியும், ஓடுபாதைக்குள் நுழையாமல் தடுக்கும் சிவப்பு விளக்கு வரிசைகள் பற்றியும் சொன்னேன். ஐந்து வயதுக்குப் போதுமான பதில். எட்டு வயதுக்காரிக்குப் போதவில்லை. "விளக்கு கெட்டுப்போனா?" என்றாள். கேப்டன் பிழை செய்தால் பக்கத்தில் இருக்கிறவர் சொல்லணும், அவர் கேட்காவிட்டால் இன்னும் சத்தமாகச் சொல்லணும் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் வந்தவள், "தாத்தா கார் ஓட்டும்போது கூடவா?" என்றாள். நானும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கூடத்தான், என்றேன்.

போகிறவர்களுக்கு: தலைநகர் சாண்டா க்ரூஸிலிருந்து லா லகூனாவுக்கு டிராம் இருக்கிறது. அங்கிருந்து மேசா மோட்டாவுக்கு டாக்ஸியோ வாடகைக் காரோ நல்லது, சின்னப் பசங்களோடு நடக்கவேண்டாம். கடற்கரை உடுப்போடு போகாதீர்கள், மேலே குளிரும். டெனெரீஃப் வரை போகாதவர்களுக்கு ஆம்ஸ்டர்டாமின் வெஸ்ட்ஹார்ட கல்லறைத் தோட்டத்தில் டச்சுக்காரர்களின் நினைவிடம் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் இருப்பவர்களுக்கு வெஸ்ட்மின்ஸ்டர் மெமோரியல் பார்க்கில், பான் ஆமில் போனவர்களுடையது.